வேலை பார்த்துக்கொண்டே பேசுகிறவர்: தெல்மா ரிட்டர்

சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் ஹாலிவுட் நடிகை தெல்மா ரிட்டரின் பெயர் ஆறு முறை வந்தது. ஆறு முறையும் மேடையேறி வாங்கிப் போனது வேறு யாரோ. அந்தப் பிரிவில் அவர் அளவுக்குப் பரிந்துரை பெற்றவர் இன்றுவரை இல்லை. அவரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள், நானும் சொல்லியாயிற்று. எனக்கு இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அது அவருடைய கைகள்.

நான் ஃபிசியோதெரபிஸ்ட். திருச்சியில் வீடு வீடாகப் போய் எலும்பு முறிவு, பக்கவாதம், மூட்டு மாற்று நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு. சினிமாவில் நர்ஸ் வந்தாலே எனக்குப் பதறும். ஊசியைப் பிடிக்கத் தெரியாது, நோயாளியைத் தூக்கத் தெரியாது, கட்டிலோரம் நின்று கண்கலங்க மட்டும் நன்றாகத் தெரியும். அதனால்தான் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954) படத்தில் ஸ்டெல்லா உள்ளே நுழைந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஒரு புகைப்படக்காரர். கால் முறிந்து, இடுப்புவரை மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் கிடக்கிறார். பொழுது போகாமல் எதிர் வீடுகளின் ஜன்னல்களை வேடிக்கை பார்க்கிறார். அவரைக் கவனிக்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் நர்ஸ்தான் ஸ்டெல்லா. வரும்போதே வாயும் கூடவே வருகிறது. அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்த்தால் நியூயார்க்கில் என்ன தண்டனை, அந்தக் காலமாக இருந்தால் கண்ணையே என்ன செய்திருப்பார்கள் என்று ஒரு பாட்டம் விளாசுகிறார். அவர் பதில் சொல்ல வாயெடுத்தால் தெர்மாமீட்டரை வாயில் செருகிவிடுகிறார். இவர் பேச்சு மட்டும் தொடர்கிறது. அப்புறம் கட்டிலில் துணியை விரித்து, அவரைத் தாங்கிக் கொண்டுபோய்க் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் தைலம் தேய்க்கிறார். சில்லென்று பட்டதும் மனுஷன் துள்ளுகிறார், இதைக் கொஞ்சம் சூடாக்கக் கூடாதா என்று கேட்கிறார். ரத்த ஓட்டத்துக்கும் எதிர்த்து நிற்க ஏதாவது வேண்டாமா என்ற தோரணையில் ஸ்டெல்லாவிடமிருந்து ஒரு பதில் வருகிறது. என் நோயாளிகள் கேட்கும் அதே கேள்வி. நான் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொன்னதில்லை.

அந்தக் காட்சியைச் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். தோளிலிருந்து இடுப்புவரை அந்தக் கைகள் போய் வருகிற விதத்தில் தயக்கமே கிடையாது. முகம் எங்கோ பார்க்கிறது, வாய் கல்யாணத்தைப் பற்றி உபதேசம் செய்கிறது, கை அதுபாட்டுக்கு நடக்கிறது. தினமும் இதைச் செய்கிறவர்களுக்குக் கை அப்படித்தான் போகும். கவனமெல்லாம் கையில் இருந்தால் அவர் புதிதாகச் சேர்ந்தவர் என்று அர்த்தம். நடிப்புப் பள்ளியில் இதற்குப் பாடம் இருக்குமா, தெரியவில்லை. நியூயார்க்கின் அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிராமாடிக் ஆர்ட்ஸில் படித்தவர்தான். ஆனால் இது வீட்டில் பல வருஷம் பாத்திரம் தேய்த்த கையிலிருந்து வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. 1902 பிப்ரவரி 14 அன்று புரூக்ளினில் பிறந்தவர். சின்ன வயதிலேயே மேடை ஆசை. நாடகக் குழுக்களில் சில காலம். 1927-ல் ஜோசப் மோரன் என்ற நடிகரைக் கல்யாணம் செய்துகொள்கிறார். இரண்டு பேரும் நடித்தால் அடுப்பெரியாது என்ற நிலை வந்தபோது, மோரன் நடிப்பை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். யங் அண்ட் ரூபிகம் என்ற பெரிய விளம்பர நிறுவனத்தில் நல்ல பதவிக்கும் வந்தார். தெல்மா மேடையை விட்டு விலகி இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். 1940-களில் வானொலி நாடகங்களில் குரல் கொடுக்கத் தொடங்கினார். கரகரப்பும் மூக்கொலியும் கலந்த அந்தப் புரூக்ளின் குரலுக்கு வானொலி பொருத்தமான இடம்தான்.

சினிமா வந்தது நாற்பத்தைந்து வயதில். இந்த வயதில் ஹாலிவுட்டில் நடிகைகளுக்கு வழியனுப்பு விழா நடத்துவார்கள். குடும்ப நண்பரான இயக்குநர் ஜார்ஜ் சீட்டன், 'மிராக்கிள் ஆன் தேர்ட்டி ஃபோர்த் ஸ்ட்ரீட்' (1947) படத்தில் துண்டு வேடம் ஒன்றுக்குக் கூப்பிட்டார். மேசிஸ் கடையில் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் அலைந்து களைத்த ஒரு தாய். பையன் கேட்கும் பொம்மைத் தீயணைப்பு வண்டி எங்கேயும் இல்லை. கடையில் உட்கார்ந்திருக்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவோ, வாங்கித் தருவதாகப் பையனிடம் வாக்குக் கொடுத்துவிடுகிறார். அம்மாவுக்குக் கோபம். ஆனால் அவர், இன்ன தெருவில் இன்ன கடையில் எட்டரை டாலருக்குக் கிடைக்கும் என்று போட்டிக் கடைக்கே வழி சொல்கிறார். அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். எரிச்சல், சந்தேகம், இந்த ஆள் கிறுக்கனோ என்ற யோசனை, கடைசியில் நம்ப முடியாத நிம்மதி, எல்லாம் ஒரே மூச்சில் வந்து போகிறது. பிறகு அவர் கடை மேலாளரைத் தேடிப் பிடித்து, இனி எல்லாவற்றுக்கும் இங்கேதான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்த ஸ்டூடியோ தலைவர் டாரில் சானக், இந்த அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் காட்சி கொடுங்கள் என்றாராம். படத்தில் பெயர்கூடப் போடவில்லை. ஆனால் வாசல் திறந்துவிட்டது.

அடுத்து ஜோசப் மேன்கிவிஸ்ஸின் 'எ லெட்டர் டு த்ரீ வைவ்ஸ்' (1949). இதிலும் டைட்டிலில் பெயர் இல்லை. விருந்து நாளில் தொப்பி மாட்டிக்கொண்டு பரிமாற வேண்டிய சேடி என்ற வேலைக்காரி. தொப்பி மீது அவருக்கு இருக்கிற வெறுப்பு விருந்தாளிகளுக்கே தெரியும். அதே மேன்கிவிஸ் 'ஆல் அபௌட் ஈவ்' (1950) எடுத்தபோது, பெட்டி டேவிஸ் நடித்த மார்கோ என்ற நாடக நட்சத்திரத்தின் உடை உதவியாளராக, பேர்டியாக, தெல்மாவை வைத்தார்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, அதனால் பேர்டியை மட்டும் சொல்கிறேன். மழைக்கோட்டும் பவ்யமுமாக மார்கோவின் ரசிகை ஈவ் வந்து நிற்கிறாள். தன் சோகக் கதையைச் சொல்கிறாள். ஒப்பனை அறையே உருகிப் போகிறது. பேர்டியும் ஒரு கணம் உருகுகிறார், ஆனால் உருகிய கையோடு ஒரு குத்தலும் விடுகிறார். பாட்டும் கூத்துமான பழைய வாடெவில் மேடையிலிருந்து வந்தவர் ஆயிற்றே, எது நாடகம் என்று மூக்கிலேயே தெரிந்துவிடும். பிறகொரு காலையில் மார்கோவுக்கு உணவுத் தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது, உனக்கு ஈவைப் பிடிக்காது இல்லையா என்று மார்கோ கேட்கிறார். பேர்டி சுற்றி வளைப்பதில்லை. அந்தப் பெண் உன்னைப் பாடப் புத்தகம் மாதிரி படிக்கிறாள், நீ நடப்பது, தின்பது, யோசிப்பது, எல்லாவற்றையும். அவ்வளவுதான் சாரம். அந்தப் பெரிய நாடக உலகத்தில், எழுத்தாளர், இயக்குநர், தயாரிப்பாளர் என்று அத்தனை புத்திசாலிகள் இருந்தும், முதலில் கண்டுபிடித்தது துணி மடிக்கிற பெண்.

இந்தப் படத்தின் மீது எனக்கு ஒரு தீராத வருத்தம். பாதிக்கு மேல் பேர்டி காணாமலே போய்விடுகிறார்! உண்மையைச் சொன்ன ஆளைக் கதையிலிருந்தே கழற்றிவிட்டார்கள். எங்கே போனார், மார்கோவின் இடத்தைப் பிடிக்க ஈவ் ஆடிய ஆட்டமெல்லாம் வெளிவந்தபோது என்ன நினைத்தார், ஒன்றும் இல்லை. மேன்கிவிஸ்ஸின் வசனத்தைக் கொண்டாடுகிறவர்கள் யாராவது இதற்கு விளக்கம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் படத்துக்கு ஆஸ்காரில் 14 பரிந்துரைகள். துணை நடிகைப் பிரிவில் மட்டும் தெல்மா, செலஸ்ட் ஹோம் என்று ஒரே படத்திலிருந்து இரண்டு பேர். விருது 'ஹார்வி' படத்தில் நடித்த ஜோசஃபின் ஹல்லுக்குப் போனது. அடுத்தடுத்த வருஷங்களில் கிம் ஹன்டர், குளோரியா கிரஹாம், டோனா ரீட், அப்புறம் ஷெல்லி வின்டர்ஸ், கடைசியாகப் பதினாறு வயது பேட்டி டியூக். அவர்களில் யாரையும் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தெல்மாவின் வேடங்களில் இன்று உலகமே அதிகம் பார்ப்பது ஸ்டெல்லாவைத்தான். அதற்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. ஆஸ்கார் இரவுகளில் வீட்டுக்கு நண்பர்களை அழைத்து, நான் மறுபடி தோற்பதைப் பார்க்க வாருங்கள் என்று விருந்து வைப்பாராம். 1955 விழாவில் பாப் ஹோப் ஹாலிவுட் மேடையைப் பார்த்துக்கொள்ள, நியூயார்க் பக்கத்து மேடையை நடத்தியதே தெல்மாதான். கொடுக்காத வீட்டிலேயே பந்தி பரிமாறிய கதை.

அந்த ஆறில் 'தி மேட்டிங் சீசன்' (1951) பற்றி யாரும் பேசுவதில்லை. தெல்மா அதில் ஜெர்சி சிட்டியில் ஹாம்பர்கர் கடை வைத்திருக்கும் எல்லன். கடன் தலைக்கு மேல் போய்க் கடையை விட்டுவிட்டு, ஒஹாயோவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறார். மகனுக்கு அப்போதுதான் பெரிய இடத்துப் பெண்ணோடு கல்யாணம். மருமகளாக ஜீன் டியர்னி. வீட்டுக்கு வந்த மாமியாரைச் சமையல்காரி என்று நினைத்துவிடுகிறாள். எல்லன் மறுக்கவில்லை. கையோடு சமையலறைக்குள் போய் வேலையைத் தொடங்கிவிடுகிறார், மகனையும் வாயடைத்து வைக்கிறார். நம் ஊரில் எடுத்திருந்தால் இந்த இடத்தில் ஒரு சோகப் பாட்டு நிச்சயம். இங்கே எல்லன் தன்னைப் பார்த்துத் தானே பரிதாபப்படுகிற ஒரு பார்வைகூடக் கிடையாது. சமைப்பது அவருக்குத் தெரிந்த வேலை, தெரிந்த வேலையைச் செய்ய என்ன வெட்கம்? முழுப் படத்தையும் தோளில் சுமக்கிறார், பரிந்துரை மட்டும் துணை நடிகைக்கு.

'வித் எ சாங் இன் மை ஹார்ட்' (1952) படத்திலும் நர்ஸ். 1943-ல் லிஸ்பன் விமான விபத்தில் காலை இழக்காமல் தப்பிக்கப் போராடிய பாடகி ஜேன் ஃப்ரோமனைக் கவனித்துக்கொள்கிறவர். 'பில்லோ டாக்' (1959) படத்தில் டோரிஸ் டேயின் வேலைக்காரி அல்மா. காலையில் தலைவலியோடுதான் வேலைக்கு வருவார், முந்தின இரவின் கணக்கு அது. அவருக்கு ஊற்றிக் கொடுத்து விஷயத்தைக் கறக்கலாம் என்று ராக் ஹட்சன் கிளம்புகிறார். முடிவில் சரிவது ஹட்சன்தான். இரண்டும் நல்ல படங்கள், வேகமாகக் கடந்து போகிறேன், ஏனென்றால் எனக்கு மோ வில்லியம்ஸ் காத்திருக்கிறார்.

சாமுவேல் ஃபுல்லரின் 'பிக்கப் ஆன் சௌத் ஸ்ட்ரீட்' (1953). ரிச்சர்ட் விட்மார்க் ஒரு ஜேப்படித் திருடன், ஸ்கிப். சுரங்க ரயிலில் ஒரு பெண்ணின் கைப்பையில் கைவிடுகிறான், பணத்தோடு ரகசிய மைக்ரோஃபிலிமும் மாட்டிக்கொள்கிறது. போலீஸும் தேடுகிறது, அதை அனுப்பிய கம்யூனிஸ்ட் உளவாளிக் கும்பலும் தேடுகிறது. மோ, பெட்டியில் கழுத்து டைகளை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்பவர். உண்மையான வியாபாரம் வேறு. எந்தத் திருடன் எப்படிக் கைவிடுவான் என்ற விவரமெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது, அதைப் போலீஸுக்கு விற்கிறார். காவல் நிலையத்தில் உட்கார்ந்து அவர் பேரம் பேசுவதைப் பாருங்கள். விலைவாசி ஏறிவிட்டது, அதனால் தகவலின் விலையும் ஏறிவிட்டது என்று உழவர் சந்தைக் கறாரோடு பேசுகிறார். வெட்கமும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. காட்டிக்கொடுக்கப்பட்ட ஸ்கிப்புக்கும் கோபம் வரவில்லை. மோவும் சாப்பிட வேண்டாமா என்கிற மாதிரி விட்டுவிடுகிறான்.

சேர்க்கிற பணம் எதற்கு? சொந்தமாக ஒரு கல்லறை இடத்துக்கு. நாதியற்றவர்களை நகராட்சி செலவில் மொத்தமாகப் புதைக்கும் இடம் நியூயார்க்கில் உண்டு. 1869-லிருந்து அதற்கென்று ஹார்ட் தீவை வைத்திருக்கிறார்கள். அங்கே போய்விடக் கூடாது, பெயர் வெட்டிய கல் ஒன்று தலைமாட்டில் வேண்டும். மோவின் வாழ்நாள் லட்சியம் அவ்வளவுதான்.

பிறகு அந்த இரவு. நாள் முழுக்க டை விற்றுவிட்டு அறைக்குத் திரும்புகிறார். நடையே தேய்ந்து போயிருக்கிறது. கிராமஃபோனில் ஒரு பாட்டைப் போடுகிறார், கட்டிலில் சாய்கிறார். அறைக்குள் துப்பாக்கியோடு அந்த உளவாளிக் கும்பலின் ஜோயி நிற்கிறான். ஸ்கிப்பின் முகவரி வேண்டும். போலீஸுக்கு விற்றவர், வேறு ஆளுக்கும் விற்றவர், இவனுக்கு விற்க மறுக்கிறார். மிரட்டலுக்குப் பதிலாக அவரிடமிருந்து வருவது தன் உடம்பைப் பற்றிய பேச்சு. எல்லாம் தேய்ந்துவிட்டது, காலையில் எழுவதே பெரும்பாடு, நீ சுட்டால் எனக்கு உபகாரம்தான். இதைக் கெஞ்சலாகவும் சொல்லவில்லை, வீரமாகவும் சொல்லவில்லை. நெடுநேரம் நின்று வேலை பார்த்த ஒருவர், இன்றைக்கு இதற்கு மேல் முடியாது என்று சொல்லும் அதே தொனி. காமிரா அவரை விட்டு விலகிக் கிராமஃபோன் பக்கம் போகிறது. பாட்டு முடிகிறது. வெடிச் சத்தம்.

வேலை நிமித்தம் நான் நிறைய முதிய உடம்புகளைத் தொட்டிருக்கிறேன். களைப்பை நடிக்கச் சொன்னால் பெரும்பாலான நடிகர்கள் தோளைத் தொங்கப் போடுவார்கள், பெருமூச்சு விடுவார்கள். உண்மையான களைப்பு வாக்கியங்களுக்கு நடுவில்தான் தெரியும். அடுத்த சொல்லை எடுக்க ஒரு சின்ன முயற்சி வேண்டியிருக்கும். அதுவரை ஓயாமல் பேசிவந்த இந்தப் பெண்மணியின் பேச்சில் அந்த இடைவெளி வருகிறது. படம் முழுக்க டைப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்த கைகளுக்கு அந்தக் கட்டிலில் செய்ய ஒன்றும் இல்லை.

மோவின் சவப்பெட்டியும் மற்ற பெட்டிகளோடு பொதுப் புதைகுழிக்குப் படகேறுகிறது. அதைத் தேடிப் போய், எங்களுடையது என்று இறக்கிக்கொண்டு வருவது ஸ்கிப், அவர் காட்டிக்கொடுத்த அதே திருடன். ஃபுல்லர் முரட்டுப் படம் எடுப்பவர் என்று பெயர். இந்த இடத்தில் அவருக்கு நான் கும்பிடு போட்டேன்.

தொலைக்காட்சியில் அவர் செய்ததில் பெரியது 1955-ல் குட்இயர் பிளேஹவுஸில் வந்த 'தி கேட்டர்ட் அஃபேர்'. பேடி சயெவ்ஸ்கி எழுதியது. பிராங்க்ஸில் டாக்ஸி ஓட்டுநர் ஒருவரின் மனைவி, எளிமையாகக் கல்யாணம் போதும் என்கிற மகளுக்கு ஊரைக் கூட்டி விருந்து வைத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கணவன் சேர்த்து வைத்த பணம் கரையப் போகிறது. இந்தக் கதை புரிய நாம் அமெரிக்காவில் பிறந்திருக்க வேண்டியதில்லை, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருந்தால் போதும். அந்தக் காலத்துத் தொலைக்காட்சி நாடகம் நேரலை. தப்பு விட்டால் திரும்ப எடுக்க முடியாது. தொலைக்காட்சிக்கான எம்மி விருதுப் பரிந்துரை கிடைத்தது. மறு வருஷமே அதைச் சினிமாவாக எடுத்தார்கள். அம்மா வேடம் யாருக்குப் போனது தெரியுமா? பெட்டி டேவிஸுக்கு. பேர்டியின் எஜமானிக்கு! சினிமாவுக்குப் பெரிய பெயர் வேண்டும் என்ற கணக்கு எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதற்காக ஒத்துக்கொள்ள வேண்டுமா என்ன?

மேடைதான் கடைசியில் கைகொடுத்தது. 1957-ல் பிராட்வேயில் 'நியூ கேர்ள் இன் டவுன்' என்ற இசை நாடகம். 1958-ல் இசை நாடகத்தின் சிறந்த நடிகைக்கான டோனி விருது அவருக்குக் கிடைத்தது. அதுவும் முழுசாக அல்ல. அதே நாடகத்தின் நாயகி க்வென் வெர்டனும் அவரும் சமமாக வந்து, இருவருக்கும் கொடுத்தார்கள்.

1960-களில் வந்தவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். 'தி மிஸ்ஃபிட்ஸ்' (1961) மர்லின் மன்றோவும் கிளார்க் கேபிளும் நடித்து முடித்த கடைசிப் படம் என்பதால் அதன் மேல் ஒரு சாவுக் களை படிந்துவிட்டது. அதில் சிரிப்பு என்று ஏதாவது இருந்தால் அது தெல்மாவோடு வருகிறது. விவாகரத்து வாங்க ரீனோவுக்கு வரும் பெண்களுக்கு அறை வாடகைக்கு விடும் இசபெல். ஒரு கையைத் தூளியில் கட்டியிருப்பார். தன்னை விட்டுப் போன கணவனும், அவன் கட்டிக்கொண்ட தன் தோழியும் ஊருக்கு வந்துவிட, அவர்களை வீட்டுக்கு அழைத்துப்போய் உபசரிக்கக் கிளம்பிவிடுகிறார். அதோடு படத்திலிருந்தும் போய்விடுகிறார். மறுபடியும் பேர்டி கதை.

இன்னொன்று 'பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்' (1962), ஆறாவது பரிந்துரை. சிறையில் பறவை வளர்த்த ராபர்ட் ஸ்ட்ரவுடின் தாய். தூக்குத் தண்டனையிலிருந்து மகனைக் காப்பாற்ற வெள்ளை மாளிகைவரை போன அம்மா அவர். 1920-ல் ஜனாதிபதி வில்சன் அதை ஆயுள் தண்டனையாக மாற்றினார். படத்தில் அந்த மகன் பிற்பாடு சிறையில் இருந்தபடியே ஒரு பெண்ணை மணக்கும்போது, அதே தாய் அவனுக்கு எதிராகத் திரும்புகிறார். நக்கல் இல்லை, புரூக்ளின் வாய் இல்லை, துடைக்கத் தட்டு இல்லை, தேய்க்க முதுகு இல்லை. அசையாமல் இருக்கிறார், பார்க்க அச்சமாக இருக்கிறது. வேலைக்காரி வேடம் கொடுத்தே பழகிய தயாரிப்பாளர்கள் இதைப் பார்த்த பிறகாவது யோசித்திருக்க வேண்டும். ஆனால் 1965-ல் 'போயிங் போயிங்' வந்தது, அதில் மறுபடியும் வேலைக்காரி.

புகழ் வந்த பிறகும் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஃபாரஸ்ட் ஹில்ஸ் வீட்டில்தான் குடும்பம். 1969 பிப்ரவரி 5 அன்று மாரடைப்பில் இறந்தார். அறுபத்தேழு ஆக ஒன்பது நாள் பாக்கி.

தெல்மாவின் படம் எதையும் இதுவரை பார்க்காதவர்கள் 'ரியர் விண்டோ'வில் தொடங்குங்கள். ஸ்டூவர்ட் காலை உணவைச் சாப்பிட உட்காரும்போது, எதிர்வீட்டுக்காரன் பிணத்தை எங்கே வைத்து வெட்டியிருப்பான் என்று ஸ்டெல்லா ஆராயும் இடம் வரும். அந்த நேரத்தில் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது 'பிக்கப்'. 'ஆல் அபௌட் ஈவ்' மூன்றாவதாக இருக்கட்டும், பேர்டி எந்தக் காட்சியோடு மறைகிறார் என்று கவனித்து எனக்கும் எழுதுங்கள். வீட்டில் இது ஒரு நிரந்தரச் சண்டை. என் கணவர் விருந்துக் காட்சியோடு சரி என்கிறார்.